அம்புக்குறி எல்லாம் ஆதாரம் ஆகாது: கனடா மோதல், கட்சி நன்கொடை, கோத்தகிரியிலிருந்து மூன்று கேள்விகள்

கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நடுவில் 2023இல் வெடித்த இந்தியா–கனடா மோதல். சுற்றிலும் உளவுத்துறை, வியாபாரிகள், சமூக அமைப்புகள், கட்சிகள், நம்மூர் டிரஸ்ட் ஒன்று. எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு இணைத்து, "எல்லாம் வெளிநாட்டுப் பணம்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இதில் எது நிஜம்? கனடாவின் பிராம்ப்டனில் படிக்கும் மகனிடம் ஒரு வேட்பாளரின் விருந்துக்கு டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? அந்த டிரஸ்ட் விஷயத்தை எப்படிச் சரிபார்ப்பது?

மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதுதான் அவசரம். மத்தியத் தேர்தல் வேட்பாளர் என்றால் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கனடாவின் மத்தியக் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் நன்கொடை தரத் தகுதியுள்ளவர்கள் இரண்டே வகை: கனடா குடிமக்கள், பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கியவர்கள். ஸ்டடி பெர்மிட்டில் (படிப்பதற்கான அனுமதியில்) இருப்பவர் பத்து டாலர்கூடத் தரக் கூடாது. கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தருவதை 2007 முதல் அடியோடு நிறுத்திவிட்டார்கள். தகுதியுள்ள தனிநபருக்கும் உச்சவரம்பு உண்டு. 2025இல் ஒரு கட்சிக்கு ஆண்டுக்கு 1,750 டாலர். மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் கொடுத்தவர் பெயரும் தொகையும் அந்நாட்டின் மத்தியத் தேர்தல் அமைப்பான எலெக்‌ஷன்ஸ் கனடா தளத்தில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

"இது நன்கொடை இல்லைப்பா, சாப்பாட்டு டிக்கெட்தான்" என்று சொல்வார்கள். கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. டிக்கெட் விலையிலிருந்து சாப்பாட்டின் நியாயமான விலையைக் கழித்தால் வரும் மீதி நன்கொடை. 100 டாலர் டிக்கெட்டில் சாப்பாடு 30 டாலர் பெறும் என்றால் 70 டாலர் நன்கொடைக் கணக்கில் ஏறும். அடுத்து வரும் யோசனை இதைவிட ஆபத்து: "உன் பெயரில் வேண்டாம், பணத்தை என்னிடம் கொடு, எனக்கு பி.ஆர். இருக்கிறது, என் பெயரில் போட்டுக்கொள்கிறேன்." அடுத்தவர் பணத்தைத் தன் பெயரில் நன்கொடையாகத் தருவதை அந்த ஊர்ச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. நம் ஊரில் பினாமி என்போமே, அதேதான். நாளைக்கு பி.ஆருக்கு விண்ணப்பிக்கப்போகிற பையன் இதில் கைவைக்கவே கூடாது. மாகாண, நகராட்சித் தேர்தல்களுக்கு விதிகள் தனித்தனி. அதனால் எந்த மட்டத்துத் தேர்தல் என்பதைக் கேட்டுவிட்டு, அந்தத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தைப் பார்ப்பதுதான் வழி. கட்சிக்காரர் வாய்வார்த்தை போதாது.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள். பணம் கேட்காமல், "பஸ் வருது, ஏறிக்கோ, ஒரு மீட்டிங்தான்" என்று கூப்பிடுவார்கள். 2019இல் டொரன்டோவின் டான் வேலி நார்த் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்த உட்கட்சித் தேர்தலுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து தனியார் பள்ளியில் படித்த மாணவர்களைப் பஸ்ஸில் அழைத்து வந்தது வெளிநாட்டுத் தலையீட்டை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வரை போனது. அங்கே சந்தேகம் சீனாவின் மேல். அப்போது அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை, 14 வயதாகி கனடாவில் வசித்தால் போதும். 2025 ஜனவரியில் தலைவர் தேர்தலுக்கு விதியை மாற்றி, குடிமக்கள், பி.ஆர். உள்ளவர்கள் போன்றோர் மட்டும் என்று இறுக்கினார்கள். உண்மையில் வெளிச் செல்வாக்கு நுழைவதற்கு நன்கொடையைவிட இந்த வாசல்தான் அகலம். சில நூறு வாக்குகளில் முடிகிற போட்டியில் ஒரு பஸ் பெரிய விஷயம். ஆனால் குரூப்பில் சுற்றும் படங்களில் இந்த வாசல் இருப்பதே இல்லை, பணமூட்டை மட்டும்தான் இருக்கும்.

இனி மோதலுக்கு வருவோம். சீக்கியர்களுக்குத் தனிநாடு (காலிஸ்தான்) கேட்டு வந்த கனடா குடிமகன் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் 2023 ஜூன் 18 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சர்ரே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, இதில் இந்திய அரசின் ஏஜென்டுகளுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னார். இந்தியா அடியோடு மறுத்தது. மூன்றே நாளில் கனடாக்காரர்களுக்கு விசா தருவதை நிறுத்தியது. அக்டோபரில் 41 கனடா தூதரக அதிகாரிகள் இந்தியாவை விட்டுப் போனார்கள். சண்டிகர், மும்பை, பெங்களூரு தூதரகங்களில் நேரடிச் சேவை நின்றது. நீலகிரிக்குப் பக்கத்தில் இருந்தது பெங்களூருதான். இந்தியாவில் இருந்த கனடா குடிவரவுத் துறை ஊழியர்கள் 27 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தார்கள், ஸ்டடி பெர்மிட் விண்ணப்பங்கள் தேங்கின. இரண்டு அரசுகள் தலைநகரில் எடுக்கும் முடிவு மலையில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்வது நமக்குப் புதிதில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட கையெழுத்தால்தான் இலங்கையிலிருந்து திரும்பிய இத்தனை குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன் வீடுகளில் இருக்கின்றன.

2024 அக்டோபர் 14 அன்று இரு நாடுகளும் ஆளுக்கு ஆறு அதிகாரிகளை வெளியேற்றின. 2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் நடந்த ஜி-7 மாநாட்டின்போது மோடியும் ட்ரூடோவுக்கு அடுத்து பிரதமரான மார்க் கார்னியும் சந்தித்த பிறகு ஹைகமிஷனர்களை (தூதர்களை) திரும்ப நியமிக்க முடிவானது. ஆகஸ்டு கடைசியில் பெயர்களும் வந்துவிட்டன. இந்த வரிசையில் எங்கேயாவது நன்கொடை வந்ததா? வரவில்லை. மோதலைக் கிளப்பியது கொலைக் குற்றச்சாட்டு. நன்கொடை என்பது பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு விசாரணையின் ஒரு துண்டு. படம் போட்டவர் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்.

அந்த இன்னொரு விசாரணை, கனடாத் தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீடு பற்றி நீதிபதி மாரி-ஜோசே ஹோக் தலைமையிலான ஆணையம் நடத்தியது. 2024 மே மாதம் முதல் அறிக்கை, 2025 ஜனவரி 28 அன்று இறுதி அறிக்கை. கனடாத் தேர்தல்களில் தலையிடுவதில் சீனாதான் முதலிடம், அடுத்து இந்தியா என்று இறுதி அறிக்கை சொல்கிறது. பணத்தைப் பற்றி அது சொல்வதை மட்டும் கவனமாக வாசிக்க வேண்டும்: இந்தியாவுக்குச் சார்பான இடைத்தரகர்கள் சில அரசியல்வாதிகளுக்கு ரகசியமாகச் சட்டவிரோத நிதியுதவி செய்ய முயன்றிருக்கலாம் என உளவுத் தகவல் இருக்கிறது, வாங்கிய வேட்பாளருக்கே அது தெரியாமலும் இருந்திருக்கலாம். "இருக்கலாம்" இரண்டு முறை வருகிறது பாருங்கள். இந்தியா இதையும் மறுத்தது. வெளிநாட்டுக்கு விலைபோன துரோகிகள் நாடாளுமன்றத்தில் இருப்பதாக முன்பு கிளம்பிய பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஏன், 2023இல் தன் கையில் இருந்தது முக்கியமாக உளவுத் தகவல்தான், உறுதியான ஆதாரம் அல்ல என்று ட்ரூடோவே 2024 அக்டோபரில் இந்த ஆணையத்தின் முன் சொன்னார். உளவுத் தகவல் என்பது யாரோ யாரிடமோ சொன்னதைக் கேட்டது, ஒரு போன் பேச்சு, ஒரு பயண விவரம். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நிற்கிற சாட்சி அதன்பிறகு வர வேண்டும். கொலை வழக்கில் நான்கு இந்தியர்களைக் கைது செய்திருக்கிறார்கள், அது கோர்ட்டில் தீர வேண்டிய தனி வழக்கு.

படத்தின் எதிர்ப் பக்கத்திலும் ஒரு பெரிய அம்பு இருக்கும்: "காலிஸ்தான் ஆதரவாளர்களின் பணம் கனடாக் கட்சிகளுக்கு." வாக்குக்காகக் கனடா இவர்களுக்கு இடம் கொடுக்கிறது என்பது இந்திய அரசு வெளிப்படையாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அது அரசியல் நோக்கம் பற்றிய வாதம், வாதமாகவே இருக்கட்டும். ஆனால் கனடா குடிமகனான ஒரு சீக்கியரோ, குஜராத்தியோ, ஸ்கார்பரோ தமிழரோ வரம்புக்குள் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பணம் இல்லை. அது உள்நாட்டுப் பணம். பெயரைப் பார்த்து நாட்டைத் தீர்மானிக்கும் அம்பு எதுவாக இருந்தாலும் முதலில் அதை அழித்துவிடலாம்.

நிரூபணமான விவகாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வித்தியாசம் புரியும். 1976இல் அமெரிக்காவில் வெடித்த கொரியா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாங்சன் பார்க் என்கிற தென்கொரிய வியாபாரி, அமெரிக்க அரிசி தென்கொரியாவுக்கு விற்பனையாவதில் ஏஜென்டாக இருந்து கமிஷன் வாங்கினார். அந்தக் கமிஷனிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பணமும் பரிசுகளும் போயின. விஷயம் வெளிவந்ததும் அவர் நாட்டைவிட்டுப் போனார். அவரைத் திருப்பி அனுப்பு என்று அமெரிக்காவும், முடியாது என்று தென்கொரியாவும் இழுபறி செய்து, கடைசியில் வழக்கு விலக்கு தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு 1978இல்தான் வந்து சாட்சி சொன்னார். அங்கே சரக்கு இருந்தது, கமிஷன் இருந்தது, கொடுத்தவனே சாட்சிக் கூண்டில் ஏறினான். அப்படியிருந்தும் சிறைக்குப் போன நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்டு ஹன்னா ஒருவர்தான். இவ்வளவு ஆதாரம் உள்ள வழக்கே அவ்வளவில் முடிந்தது என்றால், பென்சிலில் போட்ட அம்புக்கு என்ன மதிப்பு தருவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே பெயர் மாறுகிறதோ அங்கேதான் தேட வேண்டும். இலை ஏஜென்ட் வண்டியில் பத்துத் தோட்டத்துப் பச்சைத் தேயிலை ஒன்றாகக் கொட்டிவிட்டால் யார் இலை எது என்று பேக்டரியில் சொல்ல முடியாது, எடைச் சீட்டுதான் சொல்லும். நன்கொடையிலும் அதே கதை. கட்சிக் கணக்கில் ஏறிய பிறகு எல்லாப் பணமும் ஒரே நிறம், ஏறுவதற்கு முந்தைய சீட்டு முக்கியம். பினாமி நன்கொடைக்குச் சில தடயங்கள் உண்டு. ஒரே தேதியில், ஒரே முகவரியிலிருந்து அல்லது ஒரே கம்பெனி ஊழியர்களிடமிருந்து, ஒவ்வொருவரும் சொல்லிவைத்த மாதிரி உச்சவரம்புத் தொகை. சம்பளத்துக்குப் பொருந்தாத நன்கொடை. அதற்கு முந்தைய வாரம் "போனஸ்" என்று அதே தொகை கணக்கில் வரவு. இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் காசு தராதவர்கள் திடீரென்று வரிசையில். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் ஒரே நாளில் கொடுப்பது சாதாரணம். நான்கும் சேர்ந்தால் கேள்வி எழுகிறது, வங்கி ஆவணம் கிடைத்தால்தான் பதில் வருகிறது. அந்த ஆவணம் விசாரணை அமைப்புகளுக்குத்தான் கிடைக்கும், உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது.

நன்கொடை கணக்கில் வராத வழிகளும் இருக்கின்றன. மண்டப வாடகை, பஸ், துண்டறிக்கை அச்சடிப்பு, சமூகப் பத்திரிகையில் விளம்பரம், இலவசச் சுற்றுப்பயணம். இதையெல்லாம்விட மலிவானது விசா. சொந்த ஊருக்குப் போகும் அனுமதி ஒரு அரசின் கையில் இருக்கும்போது, வெளிநாட்டில் வாழ்பவரை அடக்கப் பணமே தேவைப்படாது.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம், படத்தின் பாதி அம்புகள் இங்கேதான் இறங்குகின்றன. வெளிநாட்டு நிதிச் சட்டம் முதலில் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. இப்போது நடப்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் 3ஆம் பிரிவு வேட்பாளர், கட்சி, எம்.எல்.ஏ., எம்.பி., நீதிபதி, அரசு ஊழியர், செய்தி ஊடகம் ஆகியோர் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்குவதைத் தடுக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29பி பிரிவும் கட்சிகளுக்கு அதையே சொல்கிறது.

ஆனால் "வெளிநாட்டு" என்பதற்கான வரையறை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஸ்டெர்லைட் என்றால் நமக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். அதே வேதாந்தா குழுமத்தின் இந்தியக் கம்பெனிகளிடமிருந்து காங்கிரசும் பா.ஜ.க.வும் வாங்கிய நன்கொடை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியது என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016 நிதிச் சட்டத்தில், அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் இந்தியக் கம்பெனி தரும் பணம் வெளிநாட்டுப் பணம் ஆகாது என்று வரையறையை மாற்றி, 2010 முதல் செல்லும் என்றார்கள். அது போதவில்லை, தீர்ப்பு பேசியது பழைய சட்டத்தைப் பற்றி. 2018 நிதிச் சட்டத்தில் 1976 ஆகஸ்டு 5 வரை பின்னோக்கி நீட்டினார்கள். அந்த மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஒரே நேரத்தில் நன்மை செய்த சட்டத்திருத்தம் என்பதால் யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை என்பது என் கணிப்பு. ஆகவே "வெளிநாட்டுக் கம்பெனிப் பணம் கட்சிக்குப் போனது" என்று ஒரு அம்பு இருந்தால் எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி, அது எங்கே பதிவானது என்று கேளுங்கள். இன்றைய சட்டப்படி அது குற்றமாக இல்லாமலும் போகலாம்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் ஸ்டேட் வங்கி கொடுத்த பட்டியல் தேர்தல் ஆணையத் தளத்தில் வந்தது. மார்ச் 21 அன்று பத்திர எண்களும் வந்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஜோடி சேர்க்க முடிந்தது. எண் வருவதற்கு முன்னால் சுற்றிய "இவர் இவருக்குத்தான் கொடுத்தார்" படங்கள் அநேகமாக ஊகம், படத்தின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தி.மு.க. தானாகவே விவரம் தந்த சில கட்சிகளில் ஒன்று. அது வாங்கிய 656.5 கோடி ரூபாயில் 509 கோடி கோயம்புத்தூர் முகவரி கொண்ட லாட்டரிக் கம்பெனி பியூச்சர் கேமிங் கொடுத்தது. இது வெளிநாட்டுப் பணம் அல்ல, ஆனால் பத்திர எண்ணோடு நிற்கும் அம்பு எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

இன்றைக்கும் பார்க்கக் கிடைப்பவை: 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும், தளத்தில் இருக்கும். ரொக்கமாக ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வரிவிலக்கு போய்விடும். 20,000க்குக் கீழ் துண்டு போட்டுக் காட்டுவதுதான் பெரிய ஓட்டை, அதை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. வேட்பாளரின் செலவுக் கணக்கு முடிவு வந்த 30 நாளில் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம், அதாவது ஊட்டியில் கலெக்டரிடம் வர வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளின் 88ஆம் விதிப்படி அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், தனிக் கட்டணத்துக்கு நகலும் வாங்கலாம். மனுவில் விதி எண்ணை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் போடச் சொல்லி ஒரு மாதம் இழுத்துவிட வாய்ப்புண்டு. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், பெரிய பணம் அங்கேதான் போகிறது. தேர்தல் நேரத்தில் பர்லியார், கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் 50,000 ரூபாய்க்கு மேல் சீட்டில்லாமல் வைத்திருந்தார் என்று பிடிபடுவது பெரும்பாலும் கேரட் வியாபாரியும் சுற்றுலாக்காரரும்தான்.

குடும்பத்துக்கு வரும் பணம் பற்றியும் அந்தப் படம் பயமுறுத்துகிறது போல. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பே அல்ல. கனடா குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. கார்டோடு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) இருக்கும் அண்ணன் அனுப்பினால் கணக்கு வேறு. உறவினரிடமிருந்து வருவதற்கு அனுமதி தேவையில்லை, ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி.-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த அண்ணன் நம்மூர்க் கட்சிக்கு நூறு ரூபாய்கூட நன்கொடை தர முடியாது.

கடைசியாக டிரஸ்ட். கேட்க வேண்டியவை இவை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எண்ணும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதும். பதிவு ஐந்தாண்டுக்குத்தான், புதுப்பிக்க மறந்து காலாவதியான டிரஸ்டுகள் நிறைய. அடுத்தது வங்கி. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், அங்கிருந்துதான் கோத்தகிரிக் கிளைக்கு வரலாம். நேராக உள்ளூர்க் கணக்கில் வந்திருந்தால் அதுதான் மீறல். நிர்வாகச் செலவு வெளிநாட்டு நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வந்த பணத்தை இன்னொரு டிரஸ்டுக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஊரில் பல சிறு அமைப்புகள் மூச்சுத் திணறியது இந்த ஒரு விதியால்தான். ஆண்டறிக்கையான எஃப்.சி.-4, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், டிசம்பர் 31க்குள் போக வேண்டும். 2022 ஜூலையில் அமைச்சகத் தளத்திலிருந்து பல விவரங்களை எடுத்துவிட்டதால் டிரஸ்டிடமே நகல் கேட்பது சுலபம். ஒழுங்காக நடத்துபவர்கள் தயங்க மாட்டார்கள்.

பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு நடந்த உண்ணாவிரதத்துக்கு டிரஸ்ட் ஆதரவு தந்தது, அதனால் அது அரசியல் அமைப்பு என்று வாதிடுவார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கட்சி அரசியல் நோக்கம் இல்லாமல் மக்கள் கோரிக்கைக்கு ஆதரவு தருவது மட்டுமே ஒரு அமைப்பை அரசியல் அமைப்பாக்காது.

எஃப்.சி.-4 கைக்கு வந்ததும் படத்தில் போட்டிருக்கும் தொகையோடு வைத்துப் பாருங்கள். ஐந்தாண்டு வரவைக் கூட்டி ஓராண்டு என்று எழுதுவது, முந்தைய ஆண்டு மிச்சத்தையும் வங்கி வட்டியையும் புது வரவாகக் காட்டுவது, மொத்த நிதியையும் வெளிநாட்டு நிதி என்பது, இவை மூன்றும் வழக்கமான தில்லுமுல்லு. தொகை பொருந்தாவிட்டால் படத்தை அனுப்பியவரிடம் அந்த ஒரு அம்புக்கு மட்டும் யார், யாருக்கு, எந்தத் தேதி, எவ்வளவு, எந்த ஆவணம் என்று கேளுங்கள். டிரஸ்டின் பெயரோடு படத்தை நீங்கள் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். அவதூறு வழக்கு இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 356ஆம் பிரிவில் வருகிறது, "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்" என்பதை நம்பி அதில் தப்பித்துவிட முடியாது.